தொழிலாளி இல்லையென்றால் விருந்தாளி

இலுப்பூர் மகாராணி திலகவதிக்கு, ஓசூரிலிருந்து உன் மாமா நாகராசு எழுதுவது. நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாதே, ஒரு சின்ன விஷயம். மே முதல் தேதி ஊருக்கெல்லாம் அரசு விடுமுறை, கம்பெனியில் எங்கள் பதினெட்டுப் பேருக்கு மட்டும் வேலை. கேட்டதற்கு, "நீங்க கான்ட்ராக்ட் ஆளுங்கய்யா. தொழிலாளி கணக்குலயே வர மாட்டீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அப்படீங்களா? தொழிலாளி இல்லேன்னா நாங்க விருந்தாளிங்க. காப்பி சொல்லுங்க சார்!" என்று ஆபீஸ் சோபாவில் சக்கரவர்த்தி போலச் சாய்ந்தேன். மற்ற பதினேழு பேரும் வந்து என்மேலேயே உட்கார்ந்தார்கள். சோபா போட்ட அலறல் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அன்றைக்கு ஒரு மிஷினும் ஓடவில்லை.

திங்கட்கிழமைக்குள் நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டார்களாம். அரசாங்கம் கொடுத்த ஒரு நாளைக் கேட்டது கொலைக்குற்றமா?

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. கம்பளி இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு. கட்டுமாவடிக் கருவாடும் கொஞ்சம் வை.

மன்னிப்பு எழுதச் சொல்லி சூப்பர்வைசர் கொடுத்த தாளில்தான் இவ்வளவும் எழுதினேன். இனி இதில் இடமில்லை.

உன் மாமா,
நாகராசு