தன் ஓலையைத் தானே தடுத்தவர்

சித்தூர்,
7-3-1960

அன்புள்ள ஜெயசீலி அக்காவுக்கு,

சுகிர்தம் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நைனா, அம்மா, நான் மூவரும் தேவன் காத்த அளவில் நன்றாக இருக்கிறோம். திருத்தணியில் உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உங்கள் ஊர் சென்னை ராஜ்யம், எங்கள் ஊர் ஆந்திரா என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் தெலுங்கில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம் தலைமை ஆசிரியை அம்மாள் தன் பெயரைத் தெலுங்கில் எழுதிப் பார்த்துவிட்டு, "இது யாரோ வேற பொம்பளை மாதிரி இருக்குதே" என்றார். உங்கள் மேஜையில் இப்போது புதிதாக வந்த தையல் டீச்சர் உட்காருகிறார். நல்லவர்தான். ஆனால் ஜன்னலைத் திறக்கவே விடுவதில்லை.

சொல்ல வந்ததை ஒளித்து வைத்துக்கொண்டு ஊர் செய்தி எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். தேவநேசன் சார் என்னைப் பெண் கேட்டிருக்கிறார். வருகிற இருபதாம் தேதி நம் சபை ஐயர் எங்கள் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு நைனா பதில் சொல்ல வேண்டும். நைனா 'இல்லை' என்றே சொல்லப்போகிறார். அதை மாற்றக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

இதை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது என்று முதலில் எழுதுகிறேன். கோபம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு மீதியையும் படியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். எல்லை பிரிவதால் எந்த ராஜ்யத்தில் வேலை செய்ய விருப்பம் என்று ஆசிரியர்களுக்கெல்லாம் படிவம் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் தேவநேசன் சாருக்கும் கோயிலில் கலியாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவர் பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உங்கள் படிவத்தை உங்கள் கையில் கொடுத்தார். அதில் எல்லாவற்றையும் அவரே எழுதியிருந்தார். விருப்பம் ஆந்திரா. காரணம், கணவர் அங்கே பணிபுரிகிறார். நம் ஆசிரியர் அறைக்கு வந்து நீங்கள் அதை என்னிடம் காட்டினீர்கள். "எல்லாக் கட்டமும் அவரே ரொப்பிட்டாரு சுகிர்தம். கையெழுத்து மட்டும் போடறதுக்கா எனக்குக் கலியாணம்?" என்றீர்கள். அதையே ஒரு சீட்டிலும் எழுதி, படிவத்தோடு அவரிடம் சேர்க்கச் சொன்னீர்கள். வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தான் என்பதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு திருத்தணி ரயிலுக்குப் போனீர்கள். இந்த ஐந்து மாதமும் அந்த வாக்கைக் காத்தேன்.

மறுநாள் கோயிலில் நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். 'அவர் ஓலையை நிறுத்திவிட்டார் என்று அப்பா கேள்விப்பட்டு வந்து சொன்னார்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எப்படி நிறுத்தினார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பாகாலா சபைக்குப் போயிருந்தார். தேவநேசன் சார் விடியற்காலையிலேயே வந்து ஐயரைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஐயருக்குப் பதிலாக ஆராதனை நடத்த வந்த யாக்கோபு உபதேசியாருக்கு ஒன்றும் தெரியாது. ஆராதனை தொடங்கியபின் அவரிடம் யார் போய்ச் சொல்வது? அவர் வழக்கம்போல ஓலைப் புத்தகத்தைத் திறந்து, உங்கள் இரண்டு பேர் பெயரையும் தகப்பன்மார் பெயரையும் இரண்டாம் முறையாக உரக்க வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு இருபது வருஷமாக யாரும் ஆட்சேபணை சொன்னதில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அது மாப்பிள்ளை.

"எனக்கு ஆட்சேபணை இருக்குது, ஐயா" என்றார்.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "ஏம்பா, உன் கலியாணத்துக்கு நீயே ஆட்சேபிக்கலாமான்னு இந்தப் பொஸ்தகத்துல இல்லியே!" என்றார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த சென்னம்மா அத்தை, "படிச்சதுங்க இன்னா இன்னாவோ பண்ணுதுங்க" என்று என் தோளில் இடித்தார்.

தேவநேசன் சார் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, "மாப்பிள்ளைக்கு யோக்கியதை போதாது. பொண்ணு மேல ஒரு சொல்லு குத்தம் கெடையாது. அவங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் பேசக் கூடாது. பேசணும்னா என்னைப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்து வெளியே போகவில்லை, அக்கா. பிரசங்கம் முடியும்வரை அந்தப் பாயிலேயே, அத்தனை பேர் திரும்பித் திரும்பிப் பார்க்க, உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எழுந்து பேசிவிட எனக்குக்கூட ஒரு நாள் தைரியம் வரலாம். பேசிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வராது.

ஊர் பேசியது. அவர் சொன்னபடியே அவரைத்தான் பேசியது. வேறு இடத்தில் நல்ல வரன் கிடைத்திருக்கும், அதனால் பெண்ணை விட்டுவிட்டான் என்றார்கள். அவர் அம்மா பார்த்த இரண்டு இடங்களில் இந்தப் பேச்சைச் சொல்லியே கதவைச் சாத்தினார்கள். அவர் யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை. உங்கள் அப்பாவும் அவரைத்தான் திட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் கோபத்துக்கு நீங்கள் எவ்வளவு பயப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் உங்கள்மேல் விழாமல் வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார்.

இனி என் பக்கத்துச் செய்தி. கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறந்ததும் அவருக்கு இலாகாவிலிருந்து தெலுங்கில் சுற்றறிக்கைகள் வரத் தொடங்கின. அவர் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெலுங்கு சரியாகப் படிக்கத் தெரியாது. மாதம் இருமுறை சித்தூர் ஆபீசுக்கு வரும்போது நம் தலைமை ஆசிரியை அம்மாளிடம் கொண்டு வருவார். அம்மாள், "சுகிர்தம், படிச்சி அர்த்தம் சொல்லும்மா" என்று என்னிடம் தள்ளிவிடுவார். திருப்பதியில் பி.ஏ. படித்த நாலு வருஷமும் நான் வாயைத் திறந்து பேசியதைவிடத் தெலுங்கு படித்ததுதான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியுமே. தலை நிமிராமல் படித்துச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.

அவர் மாறியிருந்ததை அப்போது கவனித்தேன். முன்பு நீங்களும் நானும் இருக்கும்போது வந்தால் அவர்தான் பேசிக்கொண்டே இருப்பார். தன் பள்ளிக்கூடம், தன் பிள்ளைகள், தான் போடப்போகிற கூரை. நல்ல விஷயங்கள்தான், ஆனால் நமக்கு நடுவில் பேச இடமிருக்காது. இப்போது ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்கிறார். என் பதில் வர எவ்வளவு நேரம் ஆகும்! அதுவரையிலும் சும்மா இருக்கிறார்.

போன மாதம் நான் திருப்பதியிலிருந்து திரும்பும்போது பாகாலா ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். அம்மாவும் என்னோடு இருந்தார். அவர் என் அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் பேசினார். உங்கள் சீட்டையும் படிவத்தையும் வைத்திருப்பதாகச் சொன்னார். "கோவத்துல வெச்சிக்கினு இல்ல, டீச்சர். அவங்க அன்னைக்கி மாட்டேன்னு சொல்லலேன்னா, மெட்ராஸ் பக்கம் போவணும்னு இருந்தவங்களை இந்தப் பக்கம் இழுத்துக்கினு வந்து அவங்களையும் கெடுத்து என்னையும் கெடுத்துக்கினு இருப்பேன். எனக்கு எந்த மாதிரி துணை வேணும்னு ஆண்டவர் கிட்ட கேட்டுக்கினே இருந்தேன். பதிலை அவங்க கையில குடுத்து அனுப்பினாரு, எனக்குத்தான் படிக்க மூணு மாசம் ஆச்சி" என்றார்.

அம்மா, "அதுக்கு இவ இன்னா பண்ணணும் சார்?" என்று நேராகக் கேட்டுவிட்டார்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு இன்னா ஆசைன்னு தெரிஞ்சிக்கணும். எங்க இருக்கணும், இன்னா படிக்கணும், எதுன்னாலும். அதைக் கேட்டப்புறந்தான் என் விருப்பத்தை உங்க வீட்ல சொல்லலாமா வேணாமான்னு யோசிப்பேன்."

அக்கா, எங்கள் வீட்டில் அன்போடு வளர்த்தார்கள். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரயில் வந்தது. பெட்டியில் ஏறியதும் அம்மா, "வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று திட்டினார்.

பத்து நாள் கழித்து, அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, எழுதினேன். பி.டி. ஆசிரியப் பயிற்சி படிக்க வேண்டும். படித்து முடித்து இந்த எல்லைக் கிராமங்களில் தமிழும் தெலுங்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் என் ஆசை என்று எழுதினேன். இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அக்கா கிடைக்காததால்தான் நானா என்று கேட்டேன்.

அவர் பதிலை அப்படியே எழுதுகிறேன். 'முதலில் கேட்டது அவர்களைத்தான். அதை மறைக்கமாட்டேன், அவர்கள்மேல் வைத்திருந்த மரியாதையும் குறையவில்லை. ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டபின் கேட்டது உங்களைத்தான். நான் தேடியது என் பின்னால் வருகிற ஒருவரை. எனக்குத் தேவையாயிருந்தது தனக்கென்று போகும் இடம் உள்ள ஒருவர். உங்கள் பி.டி. முடிகிறவரை காத்திருப்பேன்.' இனிப்பாக ஏதும் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அதன்பிறகே ஐயர் மூலமாகக் கேட்டார். நைனா ஐயரிடம், "ஓலை வாசிச்சப்புறம் ஒரு பொண்ணை உட்டவன், என் பொண்ணை எந்த ஞாயித்துக்கெழமை உடுவானோ!" என்றார். ஐயர், "யோசிச்சிச் சொல்லு, இருபதாந் தேதி வரேன்" என்று எழுந்து போனார். நைனாவைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் தண்ணீர் இறைத்து என்னைப் படிக்கவைத்தவர். அன்றைக்குக் கோயிலில் கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் பார்த்ததை வைத்து அவர் நினைப்பது சரிதான். அவருக்குத் தெரியாததை நான் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தேவநேசன் சாரும் தடுத்துவிட்டார். "அவங்க பேரை இழுக்காதீங்க. உங்க நைனா ஒத்துக்கலேன்னா வேணாம், அதுவும் ஒரு பதில்தான்" என்று சொல்லி அனுப்பினார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். தபாலில் போட்டபின் அவரிடம் சொல்லிவிடுவேன்.

அக்கா, ஐயர் பெயருக்கு நீங்கள் நாலு வரி எழுத முடியுமா? வேண்டாம் என்றது நீங்கள் என்று மட்டும் இருந்தால் போதும். காரணம் வேண்டாம். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தால், "உனக்கு வேண்டியதைத்தானே படிப்பே" என்பார். ஐயர் வாசித்தால் நம்புவார். ஐயர் அதை வெளியே விடமாட்டார். ஆனாலும் ஒரு சொல் வெளியே போனால் திருத்தணிக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியிருந்த ஹார்பர் கிளார்க் வீட்டிலிருந்து உங்களைப் பெண் பார்க்க வரும் இந்த நேரத்தில் அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். பயந்துகொண்டு சரி என்று எழுதாதீர்கள். நீங்கள் அன்றைக்குத் தைரியமாக 'மாட்டேன்' என்று சொன்னதால்தான் ஒரு மனிதர் இவ்வளவு நல்லவரானார். எனக்கு மட்டும் நீங்கள் ஏன் அதைச் சொல்லக் கூடாது? அப்படி வந்தால் என் வாக்கை எப்போதும்போலக் காப்பேன். நைனா பார்க்கிற இடத்தை மறுக்கமாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

இன்று காலை நைனா வேலைக்குக் கிளம்பும்போது, "ஐயருக்கு இன்னைக்கே சொல்லி அனுப்பிடறேன், எதுக்கு இருபதாந் தேதி வரைக்கும்?" என்றார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "வேணாம் நைனா, அதுவரைக்கும் பொறு" என்றேன். இருபத்துமூன்று வயதில் நைனாவிடம் 'வேணாம்' என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் தீர்மானம் எதுவானாலும் தேவன் உங்களைச் சமாதானத்தோடு நடத்துவாராக.

உங்கள் பதிலுக்குத் தினமும் தபால்காரரைப் பார்த்திருக்கும்
உங்கள் தங்கை,
சுகிர்தம்