வளராத ஸ்டென்ட், வளரும் பாப்பா

19.11.2007, திங்கள்

சென்னையிலும் மழை. ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர். பாப்பா தோளில், குடை செல்விக்கு, நான் தொப்பல்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், பாப்பாவுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் இறுகிக் கிடக்கிறதாம். அதனால்தான் கால் எப்போதும் சில்லென்று. நாங்கள் கடல் காற்று என்று சாக்ஸ் வாங்கி மாட்டினோம். நல்ல அப்பா, நல்ல அம்மா!

வழக்கமாக ஆபரேஷன்தானாம். "இப்ப இருக்கிற நெலமைல தாங்க மாட்டா. ஸ்டென்ட் வெச்சுக் கொஞ்ச காலம் ஓட்டலாம்." சின்னக் கம்பிவலைக் குழாய். சிக்கல் ஒன்றே: குழந்தை வளரும், அது வளராது. அப்போது பலூன் விட்டு விரிப்பார்களாம். பின்னால் ஆபரேஷனும் வேண்டியிருக்கலாம்.

செல்வி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து நான் போட்டேன். இனிஷியல் விட்டுப்போய், மறுபடி போட்டேன்.

21.11, புதன்

தொடை வழியாகக் குழாய் விடுவார்களாம். நர்ஸ் பாப்பாவின் அரைஞாண் கயிற்றைக் கத்தரித்துச் செல்வி கையில் கொடுத்தாள். இவள் அதை மணிபர்ஸில் பத்திரப்படுத்தினாள்.

காத்திருப்பு. டீ. இன்னொரு டீ. வேண்டாத சாமி இல்லை, மாதா கோயிலையும் சேர்த்து.

மதியம் டாக்டர் வந்து, "காலத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். சூடு! பிறந்ததிலிருந்து முதல்முறை. வராண்டாவிலேயே அழுதேன். யார் பார்த்தால் என்ன.

27.11, செவ்வாய்

உப்பளம், வீடு. கொசு. கேஸ் தீர்ந்துவிட்டது. நாளை ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் ஃபாக்டரி, சூப்பர்வைசர் மூஞ்சி.

பக்கத்து வீட்டு தெரேஸ் அக்கா பார்க்க வந்தது. "பாரேன், ஒரு மாசத்துல கொழுகொழுன்னு ஆயிடுவா!" செல்வி முகம் செத்துவிட்டது. கண்ணு பட்டுவிடும் என்ற பயம் போல.

புதுக் கயிறு கட்டு என்றால், "அப்பறம் கட்டிக்கலாம்" என்கிறாள். அறுத்த கயிறு தலையணைக்கு அடியில் இருக்கிறது. அப்படி என்ன ஞாபகார்த்தமோ.

13.12, வியாழன்

இங்கேயே குழந்தை டாக்டரம்மாவிடம் செக்கப். எடை ஏறவேயில்லை.

"கால்ல நாடி நல்லாத்தான் இருக்கு. பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா" என்றாள் செல்வி, சுவரைப் பார்த்து.

திங்களன்று சென்னைக்குப் போகச் சொன்னார். மறுபடி இறுகிவிட்டதோ? சோறு இறங்கவில்லை.

15.12, சனி

அரை நாள் லீவு. வாசலிலேயே பாப்பா வீல் வீலென்று கத்துவது கேட்டது, பசிக் கத்தல். உள்ளே போனால், செல்வி அந்த அறுத்த கயிற்றைப் பாப்பா இடுப்பில் சுற்றி, முனைக்கு முனை சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னாடி பண்ற?"

"இன்னும் சேருதுங்க. வளரல."

"வளரலன்னா சந்தோஷமா உனக்கு?"

"வளந்தாத்தான அந்தக் கம்பி இறுக்கும்? அர வயித்துக்குத்தான் குடுக்கிறேன். கொஞ்ச நாளைக்கு இப்டியே இருந்துட்டா போதுங்க."

பாலைக் குறைக்கும்போதெல்லாம் தானும் சாப்பிடவில்லையாம், பைத்தியக்காரி.

உட்காரவைத்து, பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே இருந்தேன்.

17.12, திங்கள்

சென்னை. ஸ்டென்ட் சரியாக இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னோம். டாக்டர் திட்டவில்லை. அதுதான் செல்வியை அழவைத்தது.

"அந்தக் கம்பியப் பாத்துக்கிறது என் வேலம்மா. புள்ளைய வளக்கிறது உங்க வேல. அவ வளந்தாத்தான் நாளைக்கு எதையும் தாங்குவா."

"பெருசானா இறுக்குமே சார்?"

"இறுக்கும். அப்ப விரிப்போம். அதுக்குத்தான வரச் சொல்றேன்."

பயம் போகவில்லை, எனக்கும்தான். பஸ்ஸில் திண்டிவனம் வரை பாப்பா குடித்துக்கொண்டே வந்தாள்.

2.1.2008, புதன்

பனி. சைக்கிள் பஞ்சர். தெரேஸ் அக்கா கொடுத்த கேக் பாதி மிச்சம்.

பாப்பாவைக் குளிப்பாட்டிய கையோடு செல்வி அந்தக் கயிற்றை எடுத்தாள். மறுபடியுமா என்று எரிச்சலாக வந்தது. சுற்றிப் பிடித்து, "இங்க பாருங்க" என்றாள்.

எட்டவில்லை. நடுவில் என் விரல் நுழையும் இடைவெளி.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாப்பா காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்குப் போனா புதுக் கவுறு வாங்கியாங்க" என்றாள் செல்வி. "நீட்டா வாங்கியாங்க."