மின்சுறாவின் குரல்

தூத்துக்குடி
14 ஜூலை 2024

அன்புள்ள ஜெமிக்கு,

மாதா துணை. இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். போன் முழுநேரமும் செர்லின் கையில்தான். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டாள், நான் அனுப்புவதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறாள்.

மாசியில் சங்கு குளிக்கக் கடலில் இறங்கிய அவள் அப்பா ஜெரால்டு ஏறி வராததிலிருந்து, அவள் தொண்டையில் சோறு இறங்குவது உன்னால்தான். ஞாயிறுதோறும் நீ போனில் மின்சுறாவாகப் பேசுவாய், அவள் ஒரு தட்டைக் காலி செய்வாள். டிவியில் அந்தக் கார்ட்டூன் வீரனுக்குக் குரல் கொடுப்பது தன் ஜெமி சித்தி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்கு நீ மின்சுறாதான்.

போன வாரம் மின்சுறா குரலில் ஒன்று சொல்லிவிட்டாயே, "என் அப்பாவைத் தேடுற மாதிரி உன் அப்பாவையும் தேடிக் கூட்டிட்டு வருவேன்" என்று. அன்றிலிருந்து கதவைத் தாழ் போட விடமாட்டேன் என்கிறாள். "ஏம்மா பூட்டுத? அப்பா எப்படி உள்ள வருவாவ?" என்று கேட்கிறாள். ஊரில் எல்லோரும் அவர் ஆன்மாவுக்குப் பூசை வைத்துவிடு என்கிறார்கள். உடலைக் கண்ணால் பார்க்காமல் எப்படி வைப்பேன்? நானும்தான் தாழ் போடாமல் படுக்கிறேன்.

இப்போது பக்கத்து வீட்டுப் பொன்செல்வி ஒன்று சொல்கிறாள். இங்கிலீஷில் கடைசிப் பகுதி வந்துவிட்டதாம். கடலில் காணாமல் போன மின்சுறாவின் அப்பாதான் அந்தக் கறுப்பு முகமூடி வில்லனாம். மின்சுறாவே அவரைக் கொன்றுவிடுகிறானாம். நிஜமா ஏளா? பச்சைப்பிள்ளைகளுக்குக் காட்டுகிற கதையா இது? தமிழில் நீதானே பேசுகிறாய், மாற்றிப் பேசிவிடேன்.

பதிலை என் தையல்கடை முகவரிக்கு எழுது.

உன் சகாயம்

*

சென்னை
20 ஜூலை 2024

பிரியமுள்ள சகாயத்துக்கு,

நிஜம்தான். பேசியும் முடித்துவிட்டேன். ஸ்டுடியோவுக்குள் போய் வசனத்தைக் கையில் வாங்கும்வரை எனக்கே தெரியாது. செர்லினிடம் அப்படிச் சொன்னபோது மின்சுறாவுக்கு அவன் அப்பா கிடைத்துவிடுவார் என்றுதான் நம்பினேன். சின்னப்பிள்ளைகள் பார்க்கிற கதை வேறு எப்படி முடியும், நீயே சொல்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்று பேசும்போது ஜெரால்டு அண்ணன் முகம்தான் கண்ணில் நின்றது. நிஜமாகவே அழுதுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "சூப்பர் மேடம், இன்னும் கொஞ்சம் அழுது இன்னொரு டேக் போயிரலாம்" என்றார்கள். போனேன்.

வசனம் எழுதுகிறவரிடம் கெஞ்சினேன். 'அப்பா' என்பதை மட்டும் எடுத்துவிட்டு யாரோ ஒரு வில்லன் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். முகமூடியைக் கழற்றினால் படத்தில் அப்பா முகம் தெரிகிறதே, அதை நான் என்ன செய்ய என்று கேட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கிறதாம். அந்தப் பிள்ளைகளை எங்கே பார்த்தார்களோ!

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை காலையில் போடுகிறார்கள். அன்று அவளை டிவி பக்கம் விடாதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் ஜெமி

*

தூத்துக்குடி
5 ஆகஸ்ட் 2024

ஜெமிக்கு,

சனிக்கிழமை கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளைப் பனிமய மாதா திருவிழாவுக்குக் கூட்டிப் போனேன். பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற ஒருவர் தன் பிள்ளை அழாமல் இருக்கப் போனில் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் போட்டுக் கொடுத்திருந்தார். செர்லின் கண்ணைப் பொத்தினேன். காதைப் பொத்தத் தோன்றவில்லை. நீ "அப்பா, அப்பா" என்று அழுததையும், "நானே கொன்னுட்டேனே" என்றதையும் முழுதும் கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே தாழ் போட்டாள். முக்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். "அப்பா இங்கன வரவேண்டாம்மா. வந்தா மின்சுறா கொன்னுருவான்" என்கிறாள்.

நேற்று நீ கூப்பிட்டபோது போனைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடாதே ஜெமி. உன்மேல் கோபமென்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். கோபமில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கும் அந்த அழுகைதான் காதில் விழுகிறது, அதற்கு நான் என்ன செய்வேன்?

மாதா கோயில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலையில் ஜெரால்டுக்குப் பூசை. கதவைத்தான் பிள்ளையே அடைத்துவிட்டாளே.

சகாயம்

*

சென்னை
9 ஆகஸ்ட் 2024

சகாயத்துக்கு,

நீ சொன்னபடி கூப்பிடவில்லை.

அடுத்த சீசனுக்கு அழைத்தார்கள், மாட்டேன் என்றேன். அதனால் எதுவும் நின்றுவிடாது. வேறொரு பெண் இதே மாதிரி பேசிவிட்டுப் போவாள்.

பூசைக்கு மட்டும் வரட்டுமா? பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். அன்று தபால்காரர் வந்து போகும்வரை வீட்டில்தான் இருப்பேன். வா என்று ஒரு வரி எழுது, போதும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறேன். சின்ன வயதில் நாம் இருவரும் கோயிலில் சேர்ந்து பாடிய பாட்டையே அன்று பாடினாலும் நான் கூடப் பாட மாட்டேன். செர்லின் பக்கத்தில் வந்து ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறேன். ஊர் எல்லை தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

ஜெமி