உன் பல்லு ரெடியாம், அண்ணா

என் உசுருக்கு உசுரான அண்ணா,

உன் பல்லு ரெடியாம். நாளைக்கே வந்து மாட்டிக்கலாமாம். போன்ல சொன்னாங்க.

உன் காரியம் முடிஞ்சு நான் மறுபடி மீன் கூடையைத் தூக்கின மொத வாரம் அது. மேடவாக்கத்துல, அபார்ட்மெண்ட் எதிர்ல உக்காந்து சங்கரா ஆய்ஞ்சுகினு இருந்தேன். உன் போன் அடிச்சுது. அதைக் கண்ணால பார்க்க முடியலைன்னு அண்ணி எங்கிட்ட குடுத்து வச்சிருக்கா. "சார், பல் கிளினிக்ல இருந்து பேசறோம், உங்க பல் செட் வந்துடுச்சு"ன்னு ஒரு பொண்ணு. "அவரு இல்லைம்மா"ன்னேன். "எப்ப வருவாரு?"ன்னு கேட்டுச்சு.

ராங் நம்பர்னுதான் மொதல்ல நெனச்சேன். நீயாவது, பல் டாக்டராவது! ஆடற பல்லுல நைலான் நூலைக் கட்டி, நீயே வெடுக்குனு இழுத்துப் போட்டுட்டு, உப்புத்தண்ணியில வாய் கொப்புளிச்சுட்டுக் கடலுக்குப் போனவன் நீ. ஈறுல ரத்தம் வந்தா உடம்பு சூடுன்னு சொல்லி மோர் குடிப்பே. ஆனா அந்தப் பொண்ணு உன் பேரைச் சொல்லுச்சு. நம்ம ஊரு கோவளம்னும் சொல்லுச்சு.

கிளினிக் எங்கன்னு கேட்டா, நான் கூடை போடற எடத்துல இருந்து ரெண்டாவது தெரு! தண்ணி லாரி நிக்குமே, அந்த முக்கு. கடல் சரியில்லாத நாளெல்லாம் கேளம்பாக்கத்துல பஸ் மாறி வந்துகினு இருந்திருக்கே. என்னைத் தாண்டாம நீ அங்க போயிருக்கவே முடியாது. துண்டால மூஞ்சை மூடிக்கினு போனியா அண்ணா?

கூடையைப் பூக்கார அக்காகிட்ட வுட்டுட்டு ஓடினேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். நீ போயிட்டேன்னு சொன்னதும் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. அப்புறம் ஒரு டப்பாவைத் தொறந்து மேஜை மேல வச்சாங்க. மாவுக்கட்டு போடுவாங்களே, அந்த மாதிரி வெள்ளை மாவுல செஞ்ச வாய். மேல உன் புதுப் பல்லு செட்டு, கீழ உன் பல்லோட அச்சு, ரெண்டும் கடிச்சபடி இருக்குது. கீழ் வரிசை முன்பல்லுல ஒரு பள்ளம். வலை கட்டறப்போ ரெண்டு கையும் வேலையா இருந்தா நூலைப் பல்லாலயே கடிச்சு இறுக்குவியே, அந்தப் பள்ளம். நீ இல்லாம உன் வாய் மட்டும் மேஜை மேல. அய்யோன்னு கத்திட்டேன். வெளியில உக்காந்திருந்தவங்கல்லாம் எட்டிப் பார்த்தாங்க.

"மேல்பல்லு போனதால கீழ்ப்பல்லு ஏறி ஈறைக் குத்துது, மெல்ல முடியலைன்னு வந்தாரு. ஈறு பூரா சீழ். அதைச் சுத்தம் பண்ணித்தான் அளவு எடுத்தேன். இனிமே நூலைக் கடிக்காதீங்கன்னு சொன்னா, 'அப்ப எதுக்கும்மா பல்லு?'ன்னு சண்டைக்கு வருவாரு"ன்னு சொல்றப்பவே அவங்களுக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்து சொன்னதுதான் தலையில இடி. உன் ஈறு ஆறவே மாட்டேங்குதுன்னு சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. எக்கச்சக்கமா இருந்துச்சாம். பெரிய டாக்டரைப் பாருங்க, நெஞ்சையும் காட்டுங்கன்னு அனுப்பியிருக்காங்க. "பல்லைக் கட்டிக்கினு அப்புறம் போறேன்"னியாமே? யாரைக் கேட்டு அப்படிச் சொன்னே? ஊருக்கே சக்கரை கீது, உனக்கு மட்டும் இன்னா வெக்கம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டையைப் புடிச்சு இழுத்துகினு போயிருப்பேனே, பாவி!

நான் அழுதுகினு இருக்கறேன், டாக்டரம்மா என்னையே பார்க்கறாங்க. "நீங்க ஏன் முந்தானையால வாயை மூடிக்கிட்டே பேசறீங்க?"ன்னாங்க. தொறந்து பார்த்தா எனக்கும் அதே கதி. ஈறு எறங்கிப் போயி, பல்லு ஆடுது, தொட்டா ரத்தம். "எங்க வம்சமே அப்படித்தாம்மா, நாப்பது தாண்டினா பல்லு வுழுந்துடும்"னேன். "வம்சத்துல வேற என்ன?"ன்னு கேட்டாங்க.

நான் பெருமையாச் சொன்னேன் அண்ணா. "எங்க ஆளுங்க படுக்கையில கெடந்து யாரையும் கஷ்டப்படுத்த மாட்டாங்க. அப்பா வலை காய வச்சுகினு இருந்தவரு அப்படியே சாஞ்சாரு. சித்தப்பா சோத்துத் தட்டு முன்னாடி. எங்க அண்ணனும் படகை மேல ஏத்திட்டு, மணல்லயே..."

டாக்டரம்மா நாற்காலியை எங்கிட்ட இழுத்துப் போட்டுக்கினாங்க. "ஈறு கெட்டதாலதான் நெஞ்சு நின்னுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க அப்பாவுக்கு என்னன்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஆனா சுகரை அப்படியே விட்டா ரெண்டையும் கெடுக்கும். நீங்க இன்னிக்கே டெஸ்ட் எடுங்க"ன்னாங்க.

எடுத்தேன். எனக்கும் கீது. அப்பா போனப்ப நல்ல சாவு, நல்ல சாவுன்னு சொல்லித்தானே நீயும் நானும் அம்மாவைத் தேத்தினோம்? அவருக்கும் இதே சக்கரைதானோ, யாரு கண்டா? உன் பல்லை வாங்கிகினு வந்துட்டேன். அண்ணிகிட்ட காட்ட இன்னும் தைரியம் வரல.

நேத்து அமாவாசை, உனக்குப் படையல் போட்டோம். சித்தி வந்திருந்தா. கற்பூரம் அணையறதுக்குள்ள, "குடுத்து வச்ச மவராசன், ஒரு நாள் பாயில படுக்காம போயிட்டான்"னு ஆரம்பிச்சா. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ! "வாயை மூடு சித்தி! அம்பது வயசுல மண்ணுல வுழுந்தவனுக்கு இன்னா குடுத்து வச்சுது?"ன்னு கத்திட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். கிளினிக்கு, சீழு, சக்கரை, எனக்கு வந்தது, எல்லாம். அண்ணி அழல. "எனக்கும் பசங்களுக்கும் எப்ப டெஸ்ட் எடுக்கறது?"ன்னா. திங்கக்கிழமை எல்லாரும் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போறோம். சித்தியும் வர்றேன்னுட்டா.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன் அண்ணா. நான் பட்டுனு போவ மாட்டேன். மாத்திரை முழுங்கி, ஈறைச் சுத்தம் பண்ணிக்கினு, நல்லா கெழவியாவேன். பாயில படுத்து, இழுத்துகினு கெடந்து, "இது இன்னும் போவலையா"ன்னு எல்லாரும் அலுத்துக்கற அளவுக்குப் பேஜார் குடுத்துட்டுத்தான் வருவேன். சீக்கிரம் வந்துடுவேன்னு அங்க எனக்காகக் காத்துகினு நிக்காதே.

உன் கூடப் பொறந்தவ,
வள்ளி