காலி பீப்பாய்

பிப்ரவரி 9

இன்றைக்கு ஒரு ஆளுக்கு ஏழு ஜோடி ஷூ எடுத்துக் காட்டினேன். தரையில் முட்டி போட்டு, ஒவ்வொன்றுக்கும் லேஸ் கட்டி, கட்டை விரலை அழுத்திப் பார்த்து, எழுந்து, மறுபடி முட்டி போட்டு. "நீங்களும் ஓடுவீங்களா மேடம்?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலேயே சுவரில் என் படம் தொங்குகிறது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகம், கழுத்தில் பதக்கம். "எப்பவாவது" என்றேன். அவர் எதையும் வாங்காமல் போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. மதியம் கேஷியர் பேப்பரைக் கொண்டுவந்து, "உங்கள பத்திப் போட்டிருக்கான் பாருங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நீட்டினான். விசிலின் பேட்டி. என் பழைய கோச்சுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மனுஷர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், விசில்தான். இரண்டு வருஷமாக நான் மலை இறக்கப் பந்தயங்களில் மட்டும் ஜெயித்துக்கொண்டிருப்பதைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். "இறக்கத்துல காலி பீப்பாய உருட்டி விட்டாலும் முதல்ல வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அவர் புதுசாகச் சேர்த்துக்கொண்ட ஓட்டக்காரியின் படம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது, என் வாயில் வருவதில்லை. எனக்கு அவள் புதுசு.

பிப்ரவரி 10

பீப்பாயாம். காலியாம். வாய் அழுகிப்போகட்டும் அந்த ஆளுக்கு.

பிப்ரவரி 12

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் எரிகிறது. உச்சியில் ஆரம்பித்து அடிவாரத்தில் முடிகிற பந்தயங்களின் நேரத்தை எந்தச் சாதனைப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். வயசான குதிரைகள் மேயும் இடம் அது. தெரியும், தெரிந்துதான் ஓடுகிறேன். ஆனால் என்னை அங்கே தள்ளியது யார்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முகாமில் தேர்வு ஓட்டத்தன்று காலை எல்லோரும் கோட்டில் நின்றோம். எனக்குத் தொடையில் வலி, அவ்வளவுதான். விசில் என் நெஞ்சிலிருந்த நம்பர் அட்டையைத் தன் கையாலேயே கழற்றிப் புதுசின் பனியனில் குத்தினார். "நீ அந்த மேஜைகிட்ட நின்னு பசங்களுக்குத் தண்ணி குடு" என்றார். நின்றேன். கொடுத்தேன். புதுசு என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள், கை யாருடையது என்று பார்க்கக்கூட இல்லை. ஏன் அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டு வரவில்லை நான்? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17

மலைக் கணவாயிலிருந்து இறங்கும் பந்தயத்தை நடத்துகிறவர் போன் செய்தார். ஓடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேஸராக வரச் சொல்கிறார். முதல் பாதி முன்னால் ஓடி, பின்னால் வருகிறவளுக்கு வேகம் வைத்துக் கொடுத்துவிட்டு, பாலத்தருகே ஒதுங்கிக்கொள்ளும் கூலி வேலை. யாருக்கு என்றேன். புதுசுக்கு.

"அவங்க தரப்புலேர்ந்தே உங்க பேரத்தான் கேட்டாங்க மேடம்."

அவங்க தரப்பாம். விசிலேதான், வேறு யார். தண்ணீர் கொடுக்க வைத்தது போதவில்லை, இப்போது மலையில் விளக்குப் பிடிக்க வேண்டும்.

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது!

பிப்ரவரி 18

ஒப்புக்கொண்டேன்.

அக்காவுக்கு ஆச்சரியம். துணி மடித்துக்கொண்டே, "நேத்து அந்த ஆளத் திட்டித் தீத்த. இன்னைக்கு அவன் வேலைக்கே போறேங்கற?" என்றாள். மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் தங்கச்சி இவ்ளோ அமைதியா சிரிச்சா யாருக்கோ ஆப்புன்னு அர்த்தம்" என்றார். மாமாவுக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 1

நம் ஊரில் மலை கிடையாது. ஆறு மாடிக் கார் நிறுத்தும் கட்டடம்தான் என் மலை. மேலே லிஃப்டில் போகிறேன், சுற்றுச் சரிவில் கீழே ஓடி வருகிறேன், மறுபடி லிஃப்ட். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொள்கிறார். "ஓடுறவங்க லிஃப்ட்ல போறத இப்பத்தாம்மா பாக்குறேன்."

ஐந்தாவது சுற்றுக்கு மேல் தொடை முன்புறம் தீயாக எரிந்தது. நல்லது. இந்த எரிச்சலுக்கு என் கால் பழகிவிட்டது. புதுசின் கால் மைதானத்தில் வளர்ந்த கால்.

மார்ச் 8

எழுதி வைத்துக்கொள்கிறேன், மனசு இளகினால் எடுத்துப் படிக்க.

கணவாயின் உச்சியில் காற்று மெலிசு, கிளம்பும்போது மூச்சு வாங்கும். இறங்க இறங்கக் காற்று கெட்டியாகும், மூச்சு சுலபமாகும். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுவார்கள். தனக்குத் தெம்பு கூடிக்கொண்டே போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மூச்சு இரைக்காதபோது எந்த ஓட்டக்காரிதான் வேகத்தைச் சந்தேகப்படுவாள்? தொடையோ ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கிழிந்துகொண்டே வரும், ஒரு வார்த்தை சொல்லாது. பாலம் தாண்டிச் சமதரை வந்ததும்தான் சொல்லும். அதன் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. முதல்முறை நானும் அந்தச் சமதரையில் நடந்துதான் வந்தேன்.

ஆகவே, சொன்ன வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்போகிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவு. பாலத்தில் ஒதுங்கவும் போவதில்லை. பேஸர் கடைசிவரை ஓடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, விசாரித்துவிட்டேன். விசில் முடிவுக்கோட்டில் நின்றுகொண்டிருப்பார். முதலில் அவர் பார்க்கப்போவது என்னை. பிறகு ரொம்ப நேரம் கழித்து, தன் புதுசை.

மார்ச் 9

மனசு இளகவில்லை.

மார்ச் 27

கால் நகங்களை ஒட்ட வெட்டினேன். இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி நகம் ஷூவில் மோதிக் கறுத்துப்போகும். வெட்டும்போது, இதைப் புதுசுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. விரட்டிவிட்டேன். அவளுக்குத்தான் பெரிய கோச் இருக்கிறாரே.

மார்ச் 28

கணவாய் விடுதி. ஜன்னலைத் திறந்தால் குளிர் முகத்தில் அறைகிறது. படியேறினாலே மூச்சு வாங்குகிறது.

சாப்பாட்டு அறையில் புதுசு தானாகவே எழுந்து வந்தாள். பேப்பரில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். "வணக்கம்க்கா" என்றாள். அக்காவாம்! "எனக்கு இறக்கமே பழக்கம் இல்ல. நீங்க எப்படிப் போறீங்களோ அப்படியே வந்துடறேன். சரியாக்கா?"

"சரி. என் முதுகையே பாத்துக்கிட்டு வா" என்றேன்.

விசிலைக் காணவில்லை. நாளை கீழே நிற்பார். பெரிய மனுஷருக்குக் குளிர் ஆகாது.

மார்ச் 29

ஜெயித்துவிட்டேன்.

உடனே எழுதிவிட வேண்டும். கிளம்பியதும் முதல் வளைவு வரை சொன்ன வேகத்திலேயே போனேன். பிறகு கொஞ்சம் தட்டிவிட்டேன். அவள் விடாமல் வந்தாள், என் நிழலை மிதிக்கிற தூரத்தில். குதிகாலால் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கினாள், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தப்பாக ஓடுகிறவளின் சத்தம் அது. திரும்பி, 'குட்டிக் குட்டியா அடி வை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? சொல்லவில்லை.

பைன் மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் கேட்டாள். "அக்கா, கொஞ்சம் ஜாஸ்தியா போறமோ?"

"மூச்சு எப்படி இருக்கு?"

"மூச்சு நல்லாதான் இருக்கு."

"அப்புறம் என்ன? வா."

வந்தாள்.

பாலத்தில் நான் ஒதுங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். ஒதுங்கவில்லை. சமதரையில் கொஞ்ச தூரம் அவள் காலடி பின்னால் கேட்டது. பிறகு தாளம் தப்பியது. பிறகு கேட்கவேயில்லை. எனக்கும் தொடை கட்டையாகத்தான் இருந்தது, ஆனால் கட்டையோடு ஓட எனக்குத் தெரியும். நாடாவைக் கிழித்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தில் விசிலின் முகத்தைத் தேடினேன். வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். இல்லை.

அவள் ரொம்ப நேரம் கழித்து வந்தாள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 29, மறுபடியும்

முழுசாக எழுதாவிட்டால் என்னால் உட்கார முடியாது போலிருக்கிறது.

மருத்துவக் கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவள் இரண்டு தொடையிலும் ஐஸ். முகம் வெளுத்துக் கிடந்தது. நான் ஜெயித்த திமிரில் இருந்தேன், சும்மா இருந்திருக்கலாம். "எங்க உன் கோச்? கூப்பிடு, வந்து பாக்கட்டும்" என்றேன்.

"அவர் என்னை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுக்கா."

எனக்குப் புரியவில்லை. பேப்பரில் படம் வந்ததே என்றேன். அது பழைய படமாம். அந்தப் பேட்டி வந்தபோதே வேறு ஒருத்தி வந்துவிட்டாளாம். இவளுக்கு முழங்காலில் ஏதோ கோளாறு, ஒரு சீசன் சரியில்லை, அவ்வளவுதான். "நம்பர் அட்டைய அவரே கழட்டினார்" என்றாள். எனக்கா தெரியாது!

"அப்ப என்னை யாரு கேட்டது, பேஸரா?"

"நான்தான். இறக்கம்னா நீங்கதானே. உங்க பின்னாடி வந்தா பிழைச்சிடலாம்னு நெனச்சேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தன் கால் தன்னை ஏமாற்றிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க கரெக்டாதான் போனீங்க, எனக்குத்தான் தெம்பு பத்தல" என்று வேறு சொன்னாள். நான் கூடாரத் துணிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2

விசில் போன் செய்தார்! இரண்டு வருஷமாக இந்தக் குரலுக்குப் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

"வீடியோ பாத்தேன். அந்தப் பொண்ண பாலம் வரைக்கும் கூட்டிட்டு வந்து கழட்டி விட்ட பாரு… அதுக்குப் பேருதான் மூளை. உனக்குள்ள இன்னும் இருக்கு. திரும்பி வந்துடு, பழசெல்லாம் மறந்துடலாம்."

அந்த ஆள் ஒருவர்தான் நான் செய்ததைச் சரியாகப் புரிந்துகொண்டவர். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார், ஏனென்றால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

சேர்த்து வைத்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "கடைல கஸ்டமர் இருக்காங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

குளிக்கும்போது எல்லாப் பதில்களும் வரிசையாக வந்தன. அருமையான பதில்கள். சோப்புக்குச் சொன்னேன்.

ஏப்ரல் 11

புதுசின் வீட்டுக்குப் போனேன். (புதுசு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் பெயரை எழுதவும் உரிமை இல்லை.) மூன்றாவது மாடி. நான் ஏறிக்கொண்டிருந்தேன், அவள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக. குப்பைப் பையைக் கையில் மாட்டியிருந்தாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

"தசை கிழிஞ்சிருக்குன்னாரு டாக்டர்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. பிறகு, "வீடியோவ நானும் பாத்தேன். திரும்பத் திரும்ப. வேணும்னேதானே பண்ணீங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாதி நம்பியிருப்பாள்.

"ஆமா."

"அவர் மேல இருந்த கோவத்துலயா?"

"ஆமா."

"அவர் அங்க இல்லவே இல்லயே. நான்தான் இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே செல்லாத நோட்டு மாதிரி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. குப்பைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன உருவம்தான், ஆனால் அந்தப் பார்வை! இரண்டு வருஷமாக நான் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வை.

"அடுத்த வருஷமும் அந்த ரேஸ் இருக்கு. நீங்க ஓடுவீங்கல்ல?"

"வயசாகுது எனக்கு."

"அதெல்லாம் தெரியாது. வரணும். வராம இருந்துடாதீங்க."

பிறகு என்னைத் தாண்டி, படி படியாக, இறங்கிப் போனாள். நான் பின்னால் போகவில்லை.

ஏப்ரல் 12

விசிலைப் பற்றி நேற்று முழுக்க ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மே 6

கார் நிறுத்தத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இன்று எட்டுச் சுற்று. திரும்பி வந்தபோது ஈர ஷூவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன், கால் மடங்கவில்லை. அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவள் முறைத்தாள்.

"இன்னும் முடியலயா உனக்கு? இப்ப யார ஜெயிக்கப் போற?"

"யாரையும் இல்ல. ஒருத்திகிட்ட தோக்கணும்."

"தோக்கறதுக்கு யாராவது இந்தப் பாடு படுவாங்களா?"

"நல்லா ஓடித் தோக்கணும்க்கா. சும்மா நொண்டிக்கிட்டுத் தோத்தா அவளுக்கு என்ன கிடைக்கும்?"

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து என் ஷூவின் லேஸை அவிழ்த்தாள். கழற்றும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு நகம் கறுத்திருந்தது. "இத வெட்டித் தொல" என்று நகவெட்டி எடுக்க உள்ளே போனாள்.