கையைக் கட்டு

ஜூன் 14, சனி

காலையெல்லாம் மழை. மூன்று மணிக்கு விட்டது. கொடியில் துணி இன்னும் ஈரம்.

லீலா டீச்சர் போன். ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. அவள் மலையாளம், நான் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ். ரிட்டயர் ஆன பிறகு அவளுக்கு ஒரு ஆசை. வெள்ளயம்பலம் பக்கத்தில், ராத்திரியெல்லாம் பாட்டும் கடையுமாக இருக்கிற வீதியில் மைக் பிடித்துப் பாடவேண்டும். பெயர் கொடுத்துக் காத்திருந்தால் யாரும் பாடலாமாம். தனியாகப் போக நாணம், அதனால் நானும் வரவேண்டும். சரி என்றேன். அந்த வீதியை நான் பார்த்ததே இல்லை.

எடுத்துக்கொள்ள: குடை, பி.பி. மாத்திரை, தண்ணீர், லீலாவின் தொண்டைக்குப் பனங்கற்கண்டு.

பக்கத்து வீட்டு அலமு காபிப்பொடி திருப்பித் தர வந்தாள். அவள் பிள்ளை கிரியும் சனிக்கிழமையானால் அங்கேதான், கிடாரோடு. ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது, விசா இந்த மாதம் வந்துவிடும். "அங்க பாத்தேள்னா சீக்கிரம் ஆத்துக்கு வரச் சொல்லுங்கோ டீச்சர் மாமி. நீங்க சொன்னா கேப்பான்."

கேட்பான். எட்டாவதில் என் வகுப்பு.

ஜூன் 15, ஞாயிறு

மழை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வீதி அழகாகத்தான் இருந்தது. மரங்களில் விளக்கு, சுவரில் சித்திரம், ஆம்லெட் புகை, கல் பெஞ்சில் செஸ். என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். பயந்ததற்கு வெட்கப்பட்டேன். லீலா குரலுக்காக ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த கப்பைக்கிழங்கில் பாதியைத் தின்றாள்.

கிரி எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். தன் முறையை லீலாவுக்கு விட்டுக்கொடுத்து அவனே கிடார் வாசித்தான். லீலா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாடும்போது அவள் அப்படித்தான், ஸ்கூல் ஆண்டுவிழாவிலும்.

பின்னால் நாலைந்து பேர், யாருக்கோ பிறந்தநாள், முகமெல்லாம் கேக். அவர்களுக்கு ஆட்டப் பாட்டு வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்கிற சட்டையில் ஒருவன், கையில் ஹெல்மெட். பெயர் ஷிபின் என்று பிறகு தெரிந்தது. "அம்மச்சீ, ஞங்ஙள் ஒறங்கிப் போகும்" என்றான். பாட்டைக் கேட்டால் தூங்கிவிடுவார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். லீலாவும் ஒரு கண் திறந்து சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். அது வரைக்கும் ஒன்றுமில்லை. பிறகு அவன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். திரும்பச் செருகச் சொன்னான் கிரி, மரியாதையாகத்தான்.

"போடா பாண்டி. போய் சாம்பார் வெச்சுக் குடி" என்றான் ஷிபின். தமிழனை இங்கே ஏசுகிற சொல் அது, பாண்டி.

பால் பொங்குவதற்கு முன் ஒரு கணம் ஏடு அசையாமல் நிற்கும். வகுப்பில் சொல்வேன். கிரி கிடாரைக் கழற்றி, மரத்தில் சாய்த்து, விழாதபடி சரிபார்த்தான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வயிற்றில் உதைத்தான். ஷிபின் விழுந்தபோது நெற்றி நடைபாதைக் கல்லில் மோதியது. கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கிரி நிற்கவில்லை. விழுந்தவனை விலாவில் உதைத்தான். மறுபடி. மறுபடி. துவைக்கிற கல்லில் ஈரத்துணி விழுகிற சத்தம். கீழே கிடந்தவன் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான், போதும் என்பது போல. கிரியின் முகம் எனக்குத் தெரிந்த முகமில்லை. உதடு விரிந்து, பல் தெரிந்தது. ஜனம் பின்னால் நகர்ந்து வட்டம் போட்டது. யாரும் உள்ளே வரவில்லை. இன்னும் நாலு உதை விழுந்தால் செத்துவிடுவான் என்று நினைத்தேன்.

நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். கத்தினேன் என்பதைவிட, குரல் தானாக வந்தது. வகுப்புக் குரல்.

"கிரி! கையைக் கட்டு!"

நின்றான். என் பக்கம் திரும்பினான். காலைச் சேர்த்து வைத்து, மார்பில் கையைக் கட்டிக்கொண்டான். எட்டாவதில் நின்ற மாதிரியே. ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அவனுக்குப் பின்னால் ஷிபின் எழுந்துகொண்டிருந்தான். எழுந்த வேகத்திலேயே ஹெல்மெட்டால் ஓங்கி அடித்தான். தாடையில். ஓடு உடைகிற சத்தம். சாய்ந்தவன்மேல் இன்னொன்று. தரையில் விழும்வரை கிரி கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

என் செருப்புப் பக்கத்தில் ஒரு பல். எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எதற்கென்று தெரியாது. ஆட்டோவில் அவன் தலை என் மடியில். மூச்சுவிடும்போதெல்லாம் வாயில் ரத்தம் கொப்பளித்தது. லீலா முன்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள்.

தாடை இரண்டு இடத்தில் முறிவு. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் வாய் திறக்கமுடியாது. பல்லைக் கொடுத்தேன். இனி உபயோகமில்லை என்றார் டாக்டர்.

புடவையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கறை போகவில்லை.

சாயங்காலம். வீடியோ வந்துவிட்டது. எங்கள் வலியசாலை முழுக்க எல்லா வீட்டிலும் ஓடுகிறது. கிரி கையைக் கட்டி நிற்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கையைக் கட்டி நிற்கிற ஒரு பையனை ஒருவன் ஹெல்மெட்டால் அடித்துத் தள்ளுகிறான். அடி விழும் இடத்தை மெதுவாக்கி இசை போட்டிருக்கிறார்கள். மகாத்மா என்று எழுதுகிறார்கள் கிரியை. ஷிபினின் கையை வெட்டவேண்டுமாம். அவன் வீடு எங்கே என்று கேட்கிறார்கள், ஒருத்தர் இடத்தைப் போட்டும்விட்டார். நேற்று ராத்திரியே போலீஸ் ஷிபினைக் கொண்டுபோய்விட்டதாக லீலா சொன்னாள்.

என் குரல் வீடியோவில் இல்லை. நாலு தடவை பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

வெயில், புழுக்கம். தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ஓடு உடைகிற சத்தம்.

ஸ்டேஷனிலிருந்து போன். நான் பக்கத்தில் இருந்ததால் சாட்சி. காலை பத்து மணிக்கு வரவேண்டும்.

ஒன்பதுக்கு அலமு வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வீடியோல இருக்கறத மட்டும் சொல்லுங்கோ மாமி. அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு யாருக்கும் தெரியாது. இவன் பேர்ல கேஸ் வந்தா விசா போச்சு. அவன் அப்பா போனதுக்கப்பறம் எங்களுக்கு இது ஒண்ணுதான்." கையை விடுவித்துக்கொண்டு காபி கலக்கப் போனேன். சரி என்று எடுத்துக்கொண்டாள் போல. லீலாவும் போனில் அதையே சொன்னாள். பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாளாம், ஒன்றும் பார்க்கவில்லையாம். அவளைக் குறை சொல்லவில்லை.

ஸ்டேஷன். எஸ்.ஐ. ஒரு பெண், பொறுமையானவள். வாங்கோ டீச்சர் என்று தமிழிலேயே கூப்பிட்டாள். பெஞ்சில் ஷிபின். நெற்றியில் பிளாஸ்திரி. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு. அவன் வீட்டுக்கு ராத்திரி கல் எறிந்தார்களாம். ஜன்னல் கண்ணாடி பட்டு அம்மாவுக்குத் தோளில் தையல்.

என்னைப் பார்த்துத் தலை நிமிர்ந்தான். "டீச்சரே, அவன் கை கெட்டி நின்னது ஞான் கண்டில்ல. கண்ணில சோரயாயிருந்நு."

கிரி கையைக் கட்டியதை அவன் பார்க்கவில்லையாம், கண்ணில் ரத்தம். உண்மைதான். நான் பார்த்தேன்.

எஸ்.ஐ. வீடியோவைக் காட்டி, இதில் உள்ளதை உறுதிப்படுத்தினால் போதும் என்றாள். கொலைமுயற்சி கேஸ், பத்து நிமிஷ வேலை.

கயிறு இழுக்கும்போது ஒரு பக்கம் திடீரென்று விட்டால் மற்றப் பக்கம் என்ன ஆகும்? வருஷா வருஷம் இந்தக் கேள்வி. பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தி, கயிறு கொடுத்து, செய்தே காட்டுவேன். சனிக்கிழமை நான் ஒரு பக்கத்தை மட்டும் விடச்சொன்னேன். மற்றவன் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் என் வகுப்பில் படித்தவன் இல்லை.

உதையிலிருந்து சொன்னேன். சாம்பார், கிடாரைச் சாய்த்தது, விழுந்தவனை உதைத்தது, நான் கத்தியது. எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தாள். "கிரி உங்க ஆள் அல்லே டீச்சர்?"

"என் மாணவன்" என்றேன். "முதல்ல இவன் விலாவை யாராவது பாத்தாளா?"

யாரும் பார்க்கவில்லை. எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். பிறகு பேனாவை எடுத்து முதலிலிருந்து எழுதினாள். இரண்டு பேர்மேலும் கேஸ். வாசித்துக் காட்டினாள், கையெழுத்துப் போட்டேன்.

மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அலமு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அழவும் இல்லை.

"அன்னிக்கு அவன் கையைக் கட்ட வெச்சு அடி வாங்க விட்டேள். இன்னிக்கு அதே கைக்கு விலங்கு போட்டுட்டு வந்திருக்கேள். உங்க பிள்ளையா இருந்தா சொல்வேளா?"

எனக்குப் பிள்ளை இல்லை. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை. போய்விட்டாள். அவள் கதவு சாத்திய அதிர்வில் என் சமையலறையில் டம்ளர் உருண்டது.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். பி.பி. மாத்திரை தீர்ந்தது, வாங்கவேண்டும்.

லீலா போன். ஷிபினுக்கு விலா மூன்று முறிவாம். இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் நுரையீரல். இனி பாடவே மாட்டேன் என்கிறாள். பாடாமல் இருக்கிறவளா அவள்!

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. அலமு மருந்து வாங்கப் போயிருந்தாள். அதுவும் நல்லதுதான்.

கிரியின் முகம் பூசணிக்காய்போல வீங்கி, ஒரு கண் மூடியே போய். உதட்டுக்குள் கம்பி. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். வேண்டாம் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் சொன்னதையெல்லாம் அவனிடமும் சொன்னேன், உதையிலிருந்து. ஷிபின் விலாவைச் சொன்னேன். அவன் அம்மாவின் தோளைச் சொன்னேன். உன்னை அப்படி நிற்கவைத்தது என் தப்பு, உதைத்தது உன் தப்பு, இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

திறந்திருந்த கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது. வாய் கட்டியிருந்ததால் சத்தமில்லை.

"கிரி" என்றேன்.

திரும்பவில்லை.

வகுப்புக் குரலில் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். கூப்பிடவில்லை.