மூன்று பாட்டில்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீரை மாதாமாதம் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவோம். மேஸ்திரி அதற்குப் பதில் குடிதண்ணீரைப் பிடிக்கச் சொல்வார். மூன்று மாதம் அப்படியே செய்தேன். போன வாரம் கழிவு ஓடும் வாய்க்காலில் ஒரு பெண் தன் குழந்தையைக் குளிப்பாட்டினாள். இந்த முறை வாய்க்கால் நீரையே பிடித்து அனுப்பினேன். சோதனையில் மாசு தெரிந்துவிட்டது.

"ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டியே!" என்றார் மேஸ்திரி.

"அந்தத் தண்ணிதானே அண்ணே வெளிய போகுது?" என்றேன். இங்கே வந்து நான் இவ்வளவு பேசியதில்லை.

என் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை உடனே அனுப்புங்கள். மாசு, சுத்திகரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த மாதம் அதிகாரி விசாரிக்க வருகிறார். முந்தைய மூன்று பாட்டில்களைப் பற்றியும் நானே சொல்லப்போகிறேன். வேலை போனால் வீட்டுக்கு வரலாமா அப்பா?

வேலைக்கான சங்கு ஊதிவிட்டது.

உங்கள் மகள்